எட்டாம் நம்பர் ஃபின்

"கழட்டு" என்றார் பதினொண்ணு.

"எதைண்ணே?"

"உன் ஃபின்னைத்தான். என்னோடது நழுவுது. கொஞ்சம் இறுக்கமா ஒண்ணு வேணும்."

மீட்புக் குழுவில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தண்ணீருக்குள் இறங்கும்போது காலில் மாட்டும் ரப்பர் துடுப்பின் அளவுதான் பெயர். இவன் எட்டு. அவர் பதினொண்ணு. அவர் காலுக்கு ஃபின் தேடுவது யானைக்குச் செருப்புத் தேடுகிற மாதிரி என்று ஸ்டோரில் பழைய கேலி ஒன்று உண்டு.

"அண்ணே, என்னோடது எட்டு."

"தெரியும். கழட்டு."

எட்டு அசையவில்லை. முறை அவனுடையது. ஒருவர் சிலிண்டரில் காற்று தீர்ந்தால் மேலே வந்துவிட வேண்டும், அடுத்தவர் இறங்க வேண்டும். பதினொண்ணு நாற்பது நிமிஷம் கலங்கல் தண்ணீரில் துழாவிவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தார்.

நீர்த்தேக்கத்தின் கரை முழுக்கக் கூட்டம். கீழ்ப்படியில் காலையில் இரண்டு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. ஒன்று பெரியது, ஒன்று ஆறு வயசுக் காலுக்கானது. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பையனின் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"பையன் வழுக்கி விழுந்திருப்பான். இவருக்கு நீச்சல் தெரியாது. யோசிக்காம குதிச்சிருப்பாரு." வந்தவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வேலை போயி ஆறு மாசம். வீட்டுல தினம் ரகளை. வழுக்கி விழுந்தானாம்!" பின்னால் யாரோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது.

எட்டைப் பார்த்துக் கேட்டாள். "காலையில நான் ஒரு வார்த்தை கூடுதலா பேசிட்டேன் தம்பி. அதுக்காக இருக்காது, இல்ல?"

"கிடைக்கட்டும்மா. கிடைச்சா தெரிஞ்சிடும்."

அதைக் கேட்டதும்தான் பதினொண்ணு மறுபடி, "கழட்டுடா" என்றார்.

மேலே ரோட்டில் ஒரு டிவிக்காரனின் வண்டி வந்து நின்றது. எட்டுக்குப் புரிந்துவிட்டது. குழுத் தலைவர் பதவி காலியாக இருந்தது. பட்டியலில் இரண்டே பேர்.

"கேமரா வந்ததும் கால் நழுவ ஆரம்பிச்சிடுச்சாக்கும்."

"அப்படியே வெச்சுக்கோ."

பதினொண்ணு குனிந்தார். இவன் கணுக்காலைப் பிடித்து ஃபின்னை உருவினார். தன் காலை அதற்குள் திணித்தார். குதிகால் பாதி வெளியே நின்றது.

"எப்படி இருக்கு?" என்றான் எட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு.

"அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு."

புதுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். எட்டு வெறுங்காலோடு நின்றான். அவர் விட்டுப்போன ஃபின் இவன் காலுக்குப் படகு.

"ஏன் சார், இறங்கப் பயமா? செருப்பைக் கழட்டி அவர்கிட்ட குடுத்துட்டீங்க!" கூட்டத்தில் ஒருவன் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

இருபத்தைந்து நிமிஷத்தில், அவர் கையோடு கொண்டுபோன மீட்புக் கயிறு மூன்று தடவை சுண்டியது. இழுத்தார்கள். அப்பா வந்தார். இன்னும் பத்து நிமிஷம் கழித்து, பையனைப் பதினொண்ணே தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்தார்.

அவள் உடனே அழவில்லை. அவர் முன்னால் வந்து நின்றாள்.

"எப்படி இருந்தாங்க?"

"தள்ளித் தள்ளிக் கிடந்தாங்கம்மா. பையன் முன்னாடி. அவரு பின்னாடி, கையை நீட்டிக்கிட்டு. பிடிக்கப் போன மாதிரி."

"பிடிக்கத்தான் போனாரு" என்றாள் அவள், கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து. அப்புறம்தான் உட்கார்ந்து அழுதாள்.

அதிகாரி படிவத்தோடு வந்தார். "கண்டதைக் கண்டபடி எழுதணும். பொய்னு தெரிஞ்சா வேலை மட்டும் போகாது, உள்ளயும் போகணும்." எல்லோரிடமும் எப்போதும் சொல்வதுதான்.

பதினொண்ணு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"நீங்க?"

"நான் இறங்கவே இல்ல சார். இவரு விடல."

"அப்ப உங்க கையெழுத்து வேண்டாம்."

வண்டிக்குள் பதினொண்ணுக்கு ஃபின் கழலவில்லை. எட்டுதான் பிடித்து இழுத்தான், வேண்டுமென்றே பலமாக. குதிகாலில் தோல் வழண்டு போயிருந்தது.

"இவ்வளவு பாடு எதுக்குண்ணே? கேட்டிருந்தா பதவியை நானே விட்டுக் குடுத்திருப்பேன். ஊர் பார்க்க என்னைக் கரையில நிக்க வெச்சு..."

பதினொண்ணு கை நீட்டிக் கதவைச் சாத்தினார். ரப்பர் உடுப்பின் ஜிப்பை இறக்கி, உள்ளேயிருந்து ஒரு நீலக் கயிற்றை எடுத்துத் தரையில் போட்டார். வீட்டில் துணி காயப்போடும் கயிறு. ஒரு பெரிய வளையம், ஒரு சின்ன வளையம். முடிச்சு இரண்டும் அவிழவில்லை. வளையங்களைக் கத்தி அறுத்திருந்தது. நடுவில் ஒரு துணிக் கிளிப் இன்னும் கவ்விக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேர் இடுப்புலயும். முதல் தடவையே கையில தட்டுப்பட்டாங்க. அறுக்கறதுக்குள்ள காத்து தீர்ந்துபோச்சு."

எட்டு கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வெளியே அந்தப் பெண் யாரிடமோ, "கையை நீட்டிக்கிட்டே போயிருக்காரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே. நான் இறங்கியிருந்தாலும் இதை அறுத்துதான் போட்டிருப்பேன். நீங்க எழுதினதைத்தான் எழுதிக் குடுத்திருப்பேன்."

"தெரியும்டா" என்றார் பதினொண்ணு. "அதனாலதான் கழட்டச் சொன்னேன்."