ஒன்றரை அங்குலம்

அச்சு ஸ்கிரீனைச் சட்டையிலிருந்து தூக்கினேன். ஏழாவது வரியும் அச்சாக விழுந்திருந்தது. ஒரு சொட்டுச் சாயம்கூடக் கசியவில்லை.

கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தியும் விட்டேன். பக்கத்து லயக் காம்பராவில் நாய் குரைத்தது.

வெள்ளைச் சட்டையில் வரிவரியாக றப்பர் இலைகள். உதிரப்போகும் மாதத்தில் வருமே, அந்தச் சிவப்பு. அதற்காக மூன்று வாரம் சாயம் கலந்ததில் என் நகமெல்லாம் செம்மண்.

நாளை கெம்பஸ் மேடையில் எங்கள் கடைசி வருட ஆடைக் காட்சி. எங்கள் தோட்டத்திலிருந்து கெம்பஸ் போன முதல் பெண் நான். இந்தச் சட்டைக்கு மார்க்ஸ் இல்லையென்றால் பட்டமும் இல்லை.

வெயிலில் காயவைத்து, கரி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து, ஹேங்கரோடு வாசல் ஆணியில் மாட்டினேன்.

பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்ற புஷ்பம் சின்னம்மா குடத்தை வைத்துவிட்டு வந்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“ஏன்டி, நாலு வருசம் கெம்பஸ்ல குந்தி, கோணச் சட்டை தைக்கத்தான் படிச்சியா?”

உண்மைதான். வலப்பக்கம் ஒன்றரை அங்குலம் மேலே ஏறி நின்றது. ஏழு வரியும் சரிந்து கிடந்தன.

போன வாரம், அச்சடிக்க முன், கெம்பஸில் தையல் மிஸ்ஸும் இதையேதான் சொன்னார். டம்மிப் பொம்மையில் மாட்டி, வகுப்பே பார்க்க. இரண்டு தோளையும் ஒரே அளவில் வெட்டத் தெரியாதா? பிரித்துத் தை, இல்லாவிட்டால் ஃபெயில்.

பதில் சொன்னால் அழுகை வரும். மிஸ் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை.

நான் பிரிக்கவில்லை. அதன் மேலேயே அச்சடித்தேன். என் அளவு பிழையென்றால் இனித் திருத்தவும் முடியாது.

பதினொரு மணிக்கு என் மல்லிகா அக்கா றப்பர் பால் வெட்டி முடித்து வந்தாள். கையைக் கழுவக்கூட விடாமல் உள்ளே இழுத்துப்போனேன். பிறகு பால் கறை படுமென்று நானே பயந்து, சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன்.

சட்டையை அவள் தலைவழியாக இறக்கினேன்.

இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தேன்.

நேர். ஏழு வரியும் மட்டப்பலகை வைத்த மாதிரி நேர்.

பதினெட்டு வருடமாகப் பால் வாளி தூக்கிய வலது தோள். மற்றதைவிட ஒன்றரை அங்குலம் கீழே.

நான் குதித்த குதியில் கூரைத் தகரம் அதிர்ந்தது. நாளை இதைப் போட்டுக்கொண்டு மேடையில் நடக்கப்போவது இவள்தான். யாருக்குத் தைக்கிறாய் என்று மிஸ் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்கா கண்ணாடியில் தோளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எஹலியகொட டவுன் டெய்லர் அளவெடுக்கிறப்ப எல்லாம் நேரா நில்லு, நேரா நில்லுன்னு ஏசுவான்” என்றாள். “நான் நேராத்தான்டி நின்னேன்.”