ஃபியூஸ் போகாத பல்பு

சமையலறைக் குண்டு பல்புக்குச் சாவு பயம் வந்தது, அலமாரியில் ஒரு எல்இடி பல்பு வந்து உட்கார்ந்த அன்றைக்குத்தான். அதை வாங்கி வந்த கோமதிநாயகம் மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "நல்லா எரியிறதைக் கழட்டக் கூடாது. இது ஃபியூஸ் போகட்டும், அதை மாட்டுவோம்."

பொழுது சாய்ந்தால் எல்இடி பெட்டிக்குள்ளிருந்தே விசாரிக்கும். "அண்ணே, உடம்பு எப்படி இருக்கு?"

"உன் பெட்டி மக்கின பிறகுதான்டா போவேன்."

அந்த வாய்க்குக் காரணம் இருந்தது. யார் கை சுவிட்ச் பக்கம் போனாலும் கோமதிநாயகம், "அது கரண்டைக் குடிக்கும், போடாதே!" என்று கத்துவார். வீட்டில் செல்போன் டார்ச்சில்தான் சமையல் நடந்தது. எரியாத பல்பு எப்படி ஃபியூஸ் போகும்?

விளக்குப் பூச்சியை நம்பிப் பிழைத்த பல்லிதான் வற்றிப்போனது. "நீ பல்பா, இல்லை சுவரில் காய்ச்ச கத்தரிக்காயா?" என்று கேட்டது.

"பொறாமைப்படாதே. இந்தத் தெருவிலேயே எனக்குத்தான் ஆயுசு கெட்டி."

அன்று கோமதிநாயகம் ஒரு கையில் செல்போனும் மறு கையில் கரண்டியுமாக ரசத்துக்கு உப்புப் பார்த்தார். டார்ச் வெளிச்சத்துக்கு ஒரு பூச்சி வந்தது. பசி பொறுக்காத பல்லி அதன்மேல் பாய்ந்தது. அவர் அலறிக் கையை உதறினார். பல்லி தரையில் விழுந்தது, செல்போன் ரசத்தில் விழுந்தது.

கும்மிருட்டு. அவர் கை சுவரைத் தடவிக்கொண்டு சுவிட்சை நோக்கி வந்தது.

"அண்ணே, கை வருது!" என்றது எல்இடி ஆசையாக.

"போடாதே!" என்று குண்டு பல்பு கத்தியது. "கரண்ட் செலவாகும்!"