நாலாவது தட்டு

"இந்த டிரைவருக்கு இன்னா, கையில அரிப்பா?"

ஏஞ்சலின் டீச்சருக்குக் கோபம் அவ்வளவு சுலபத்தில் வராது. அன்றைக்கு வந்துவிட்டது. பின்னே? ஒன்றாம் வகுப்பு வாண்டுகளுக்குத் தாளம் சொல்லிக் கொடுப்பதே பெரும்பாடு. அதிலும் தட்டாமல் இருக்கச் சொல்லிக் கொடுப்பது இருக்கிறதே, அப்பப்பா!

மூன்று தட்டு. நாலாவது சும்மா. அவ்வளவுதான் பாடம்.

"சும்மான்னா தூங்கறது இல்லடா ஜோஸ்வா. கை சும்மா இருக்கும், மனசு எண்ணிக்கினே இருக்கும். எண்ணிக்கினே இருந்தா அடுத்த தட்டு தானா வந்துடும். எங்கயும் போவாது."

பத்து நாள் மல்லுக்கட்டியதில் பிள்ளைகளுக்கு அது பிடிபட்டது. தட், தட், தட்... நாலாவது இடத்தில் இருபத்திரண்டு பேரும் கையை விரித்தபடி நிற்பார்கள். பக்கத்துக் கொல்லையில் கரும்புத் தோகை உரசுவதுகூடக் கேட்கும். வெயில் ஜன்னல் வழியே வந்து பிள்ளைகளின் உள்ளங்கையில் விழும். டீச்சருக்குக் கண் சொக்கும். தூக்கத்தில் நல்ல கனா வந்த மாதிரி இருக்கும்.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் வரும், மலையிலிருந்து இறங்குகிற பத்தேகால் பஸ்.

பாம்ம்ம்... பாம்!

அவ்வளவுதான். தமிழ்ப்ரியா சிரித்துக்கொண்டே படபடவென்று கை தட்டிவிடுவாள். மலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற குட்டி அவள். அவளைப் பார்த்து மொத்த வகுப்பும் தட்டும். தாளம் காலி. வெள்ளிக்கிழமை கள்ளக்குறிச்சியில் போட்டி வேறு. இப்படியே போனால் மேடையில் மானம் போய்விடும்.

சாயங்காலம் கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் டீச்சர், அந்த பஸ் டிரைவர் வீரமணியைப் பிடித்துவிட்டாள். டீக்கடை வாசலில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள்.

"இன்னாண்ணா, பள்ளிக்கூடத்தாண்ட வந்தாத்தான் உங்களுக்கு ஆரன் ஞாபகம் வருதா? ரோட்டுல ஒரு ஆடுகூட நிக்கல. எதுக்கு அடிக்கிறீங்க?"

வீரமணி டீ கிளாஸோடு எழுந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"தப்புதான் டீச்சர். இனிமே அடிக்கல."

"அடிச்சா டிப்போவுல எழுதிக் குடுத்துடுவேன், ஆமா."

மறுநாள் பத்தேகாலுக்கு பஸ் பூனை மாதிரி போனது.

தட், தட், தட், சும்மா. தட், தட், தட், சும்மா. ஒரு இடத்தில் பிசகவில்லை. டீச்சருக்கு அப்படியே மிதக்கிற மாதிரி இருந்தது.

தமிழ்ப்ரியாவின் கை மட்டும் இறங்கவில்லை. எல்லோரும் தட்டி முடித்து உட்கார்ந்த பிறகும், விரித்த கையோடு ஜன்னலைப் பார்த்து நின்றாள். உதடு அசைந்தது.

"...தொண்ணூத்தி எட்டு, தொண்ணூத்தி ஒம்போது, நூறு. ஒண்ணு, ரெண்டு..."

அவளுக்கு நூறு வரைக்கும்தான் தெரியும்.

"இன்னாம்மா எண்ணிக்கினு இருக்க? பாட்டு முடிஞ்சிடுச்சே."

"எனக்கு முடியல டீச்சர். ஆரன் வரலயே."

"ஆரனா?"

"அது எங்கம்மா அனுப்பறது. எங்க ஊரு ஸ்டாப்பாண்ட வந்து டிரைவர் மாமாகிட்ட சொல்லும். நீட்டா ஒண்ணு அடிச்சா அம்மா நல்லாருக்கு. குட்டியா ஒண்ணு அடிச்சா, அழுவாம படி. நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, எண்ணிக்கினே இருந்தா வந்துடும்னு?"

அடப்பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டேன்! டீச்சர் பிள்ளையை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். மடியில் இருந்தபடியே அது விட்ட இடத்திலிருந்து எண்ணியது.

சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். காலி பஸ்ஸில் வீரமணி மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"மன்னிச்சிடுங்கண்ணா. நேத்தே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? புள்ள நூறு நூறா எண்ணிக்கினு நிக்குது. எனக்கு மனசே ஆறல. நாளையிலேர்ந்து அடிங்க. எங்க பாட்டுல அந்த நாலாவது எடத்த உங்க ஆரனுக்குன்னே வுட்டுடறேன்."

"அத்தினி பேர் எதிர்ல எப்படி டீச்சர் சொல்றது? யார் காதுலயாவது வுழுந்து, புள்ள வரைக்கும் போய்ட்டா?"

"இதுல மறைக்கறதுக்கு இன்னாண்ணா இருக்கு? பெத்தவ சொல்லி அனுப்பறாங்க, நீங்க அடிக்கிறீங்க. நாளைக்கு அவங்கள ஸ்டாப்புல பார்த்தா, உம் பொண்ணு ஜோராத் தாளம் போடுதுன்னு நான் சொன்னதாச் சொல்லுங்க."

வீரமணி துடைத்த ஸ்டியரிங்கையே மறுபடியும் துடைத்தார்.

"அவங்கம்மா செங்கம்மா ஸ்டாப்புல நின்னாத்தானே டீச்சர் சொல்றதுக்கு? பொங்கல் முடிஞ்ச மறுநாளே மொளகு பறிக்கக் கேரளாவுக்குப் போயிடுச்சு. புள்ளைக்குத் தெரியாது. ஒரு மாசமா நானாத்தான் அடிச்சிக்கினு இருக்கேன்."