புதுக் கம்பெனி லைன்

மலை வளைவில் நிற்கும் சவுக்கு மரத்தின் கிளைகளில், பிளாஸ்டிக் பைகளுக்குள் கைப்பேசிகள் தொங்குகின்றன. இந்தத் தேயிலைச் சரிவில் அங்கே மட்டும்தான் லைன் கிடைக்கும். எந்தப் பை ஒலித்தாலும் உரியவளைக் கூவி அழைப்பது கொழுந்து பறிப்பவர்களின் வழக்கம். பாஞ்சாலையின் பை மட்டும் காலையிலிருந்து வாய் திறக்கவில்லை. ஈப்போ ஆஸ்பத்திரியில் மகள் உமாதேவிக்குப் பிரசவ வலி. பாஞ்சாலையோ நேற்றுத்தான் பிரிஞ்சாங் இரவுச் சந்தையில், அதே நம்பரோடு புதிய போன் கம்பெனிக்கு மாறியிருக்கிறாள். "பாதி வெலைதான், லைனும் நல்லா இருக்கும்னு சொன்னாங்க லா," என்கிறாள், கொழுந்தோடு முற்றிய இலையையும் சேர்த்துக் கிள்ளியபடி. "சொல்லுவாங்க. பழைய கம்பெனிக்காரனும் வந்த புதுசுல இதத்தான் சொன்னான்," என்கிறாள் பக்கத்து நிரையில் நிற்கும் வசுமதி. பனி மரத்தை மூடுகிறது, விலகுகிறது. யாருடைய பையோ ஒலிக்கிறது. பாஞ்சாலையின் கை நின்று, மறுபடி ஓடுகிறது. கீழே பள்ளத்தில் கொழுந்து நிறுக்கும் லோரி ஹாரன் அடிக்கிறது. மூட்டையைத் தலையில் ஏற்றியவள், போகிற போக்கில் தன் பையையும் கிளையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறாள். அந்தப் பள்ளத்தில் இதுவரை எவருடைய கைப்பேசியும் ஒலித்ததில்லை. பள்ளத்து ஓடையைத் தாண்டும்போது அவள் கைக்குள் பை அதிர்கிறது, விடாமல் ஒலிக்கிறது. திரையில் மருமகன் குகனின் பெயர். மூட்டை சரிந்து கொழுந்து நீரில் கொட்டுகிறது. ஈர விரலுக்குத் திரை மசியவில்லை; சேலையில் துடைத்துத் துடைத்து அழுத்துகிறாள். மேலே, சத்தம் கேட்ட பெண்கள் எல்லாரும் சவுக்கு மரத்தையே திரும்பிப் பார்க்கிறார்கள்.