சாக்ஸபோனுக்கு நடுவில் ஓர் இருமல்

"சத்தியமா இது எங்க அப்பா இருமல்தாங்க!"

ஸ்டுடியோ சோபாவுல உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். காலங்காத்தால இது வேறயான்னு நான் மிக்ஸிங் போர்டு பக்கம் குனிஞ்சுக்கிட்டேன்.

விஷயம் இதுதான். எங்க ஹிப்ஹாப் புரொட்யூசர், பட்டப்பேரு டமால், பழைய ஜாஸ் ரெக்கார்டுகளை வெட்டி ஒட்டி ஒரு ஆல்பம் பண்ணியிருக்கான். முதல் பாட்டு போன வாரமே வெளியே வந்துடுச்சு. அம்பது வருஷத்துக்கு முந்தி ஒரு ஹால்ல நடந்த கச்சேரியிலேருந்து எடுத்தது அது. சாக்ஸபோன் உருகிக்கிட்டிருக்கும்போது யாரோ ஒரு புண்ணியவான் 'கொஹ் கொஹ் கொஹ்'னு இருமுறார். டமால் அந்த இருமலையே தாளமாக்கிட்டான். ஊரே அதுக்கு ஆடுது. சாக்ஸபோன் வாசிச்சவரை ஒருத்தரும் கேட்கல, இருமினது யாருன்னுதான் கேட்கிறாங்க.

"அப்பா அன்னிக்கு முன்வரிசையில இருந்தாருங்க. அவர் குரல்னு வீட்ல ஒண்ணுமே இல்ல. ஒரு போட்டோ மட்டும்தான்."

டமால் ஹெட்ஃபோனை எடுத்து டிரைவர் காதுல மாட்டினான். "உங்க அப்பாவேதான் சார். சந்தேகமே வேணாம்."

அதோட விட்டிருந்தா தேவலாம். பதினோரு மணிக்குப் பல் டாக்டரம்மா வந்தாங்க. அவங்க அப்பாவும் அதே கச்சேரிக்குப் போனவராம். கையில அவரோட பழைய நெஞ்சு எக்ஸ்ரே.

"பாருங்க, இப்படி ஒரு நெஞ்சுலேருந்துதான் அப்படி ஒரு இருமல் வரும்!"

டமால் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு, பயபக்தியோட பார்த்தான். "அவரேதான் டாக்டர்!"

மதியம் தையல்கடைக்காரர். "எங்க குடும்பமே இப்படித்தாங்க இருமும்"னு கூடப்பிறந்த தம்பியைக் கூட்டிவந்து மைக் முன்னாடி இரும வெச்சார்.

"அச்சு அசல் உங்க அப்பா!" அதே டமால், அதே வாய்.

மூணு பேருமே ஹெட்ஃபோனைக் கழட்ட மனசில்லாம அழுதுட்டுத்தான் போனாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"டேய், மனசாட்சியே கிடையாதா உனக்கு? செத்தவங்க விஷயத்துலயா விளையாடுவே? அஞ்சு மணிக்கு ஆல்பம் அட்டை பிரிண்டுக்குப் போகுது. இருமினவர் பேரைக் குடுங்கன்னு மேனேஜர் உயிரை வாங்குறார். வெளியீட்டு விழாவுல மூணு பேரும் சட்டையைப் பிடிச்சுக்கிட்டா யாரு விலக்குறது?"

"இருமல்தானேக்கா. பங்கு போட்டா குறைஞ்சா போயிடும்?"

இவன்கிட்ட பேசிப் பிரயோஜனம் இல்ல. அவன் வெட்டிக் கொண்டுவர்றதை மிக்ஸ் பண்றதோட என் வேலை முடிஞ்சுடும். பழைய ரெக்கார்டை நான் கேட்டதே இல்ல. இன்னிக்கு அலமாரியிலேருந்து எடுத்துப் போட்டேன். இருமல் மேடைக்குப் பக்கத்துலேருந்து வருதா, தூரத்துலேருந்து வருதான்னு பார்த்தா டிரைவரோட அப்பாவா இல்லையான்னாவது தெரிஞ்சுடும்ல.

சாக்ஸபோன் ஆரம்பிச்சுது. ஏறுச்சு, இறங்குச்சு, முடிஞ்சுது. கைதட்டல்.

இன்னொரு தடவை போட்டேன்.

"அடப்பாவி! இதுல யாருமே இருமலையேடா!"

டமால் போனை எடுத்து நீட்டினான். போன வருஷத்து வாய்ஸ் மெசேஜ். பின்னாடி ஆஸ்பத்திரி மெஷின் சத்தம்.

"கண்ணா, அப்பா பேசுறேன். சாப்பிட்டியா? ஏதோ ஜாஸ்ல பாட்டு போடுறேன்னு சொன்னியே, முடிச்சுட்டியா..." அப்புறம், கொஹ் கொஹ் கொஹ்.

"அப்பா கடைசியா அனுப்பினதுக்கா. அடுத்த நாள் போயிட்டார்."

"உன் அப்பாவை ஏண்டா ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் தூக்கிக் குடுத்தே?"

"எனக்கு அந்த 'சாப்பிட்டியா' இருக்குக்கா. அவங்ககிட்ட ஒண்ணுமே இல்லையே."

மூணு பேரோட அப்பாக்கள் பேரையும் நானே டைப் பண்ணி அனுப்பினேன். உடனே மேனேஜர் போன்ல கத்தினார்.

"ஒரே இருமலை எப்படிம்மா மூணு பேர் இருமுவாங்க?"

"கோரஸ் சார்"னு சொல்லிப் போனை வெச்சுட்டேன்.

நாலாவதா அவன் அப்பா பேரைச் சேர்க்க டமால் என்னை விடவே இல்ல.