வழிகாட்டிக்குத் தனித் தட்டு

“எனக்கும் இந்த மேஜையிலேயே ஒரு தட்டு போடுங்க.”

பரிமாறுகிற மீசைக்காரரின் கரண்டி அந்தரத்தில் நின்றது. வேலைக்குச் சேர்ந்த அன்றே சுற்றுலா அலுவலக மேலாளர் அவளிடம் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். லீவு கேள், சம்பளம் கூட்டிக் கேள், விருந்தாளிகள் மேஜையில் தட்டு மட்டும் கேட்காதே. கேட்டால் அன்றோடு சீட்டுக் கிழியும்.

கேட்டுவிட்டாள்.

அவள் வழிகாட்டி. வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன கோட்டைத் தெருக்களை வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுவது வேலை. மணிக்கூண்டு, சுங்க அலுவலகம், ஆளுநர் மாளிகை என்று நடந்து கால் ஓய்ந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இங்கே எங்கே நல்லா சாப்பிடலாம்? வழிகாட்டிகளுக்கு அலுவலகம் சொல்லிக்கொடுத்திருந்த பதிலும் ஒன்றுதான். தூணும் வளைவுமாக நிற்கும் இந்த உணவகம்.

விருந்தாளிகளுக்குக் கூடம். வெள்ளைத் துணி விரித்த மேஜை, பூப்போட்ட பீங்கான், அண்ணாந்து படம் எடுக்க ஒரு மரக்கூரை. அவர்களை அழைத்து வரும் வழிகாட்டிக்குப் பின்கட்டு. அங்கே ஒரு பலகை, காலடியில் பாத்திரம் கழுவிய தண்ணீர். எச்சில் வாளியில் எலும்பும் ஊறிப்போன ரொட்டியும் மிதக்கும். பூனைகூட மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த நாற்றத்துக்கு நடுவில்தான் அலுமினியத் தட்டில் சுடச்சுடச் சோறும் பருப்பும் வரும்.

முதலாளியும் அதே பானைச் சோற்றைத்தான் கல்லாவில் உட்கார்ந்தபடி பிசைந்து தின்பார். இத்தனை சம்பாதித்தும் தன் நாக்குக்குச் செலவழிக்க மனம் வராத மகா கஞ்சன் என்று மற்ற வழிகாட்டிகள் சிரிப்பார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்ததில்லை. மூட்டை தூக்கிய அப்பா எந்தக் கட்டடத்துக்குள்ளும் பின்வாசல் வழியாகத்தான் போய் வந்தார். பட்டம் வாங்கினால் முன்வாசல் திறக்கும் என்று நம்பி, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனாள். வரலாறு படித்தாள். இந்தத் தூண்களுக்கான கல்லை யார் முதுகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள் என்பதுவரை அவளுக்குத் தெரியும். சாப்பாடு மட்டும் எச்சில் வாளிப் பக்கத்தில். தம்பியின் படிப்பு இந்தச் சம்பளத்தில் ஓடுகிறது என்பதால் இத்தனை நாளும் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு வந்தவர்கள் ஓய்வு பெற்ற தபால்காரரும் அவர் மனைவியும். காலையிலிருந்து தொண்டை வறளப் பேசிய பெண் எங்கேயோ மூலையில் போய்த் தின்பதாவது என்று, அந்த அம்மா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்.

மீசைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “தங்கச்சி, உனக்கு எப்பவும் உள்ளேதானே? வழக்கத்தை மாத்தாதே.”

“உங்க வழக்கத்தைக் கொண்டுபோய் அந்த எச்சில் வாளியில கொட்டுங்க.”

பக்கத்து மேஜைகள் திரும்பின. தபால்காரர் அதற்குள் இரண்டு வாய் சாப்பிட்டு, மசாலா தூக்கல் என்று தண்ணீரைத் தேடினார். அந்த அம்மா இன்னும் தொடாத தன் தட்டை அவள் பக்கம் தள்ளினார். இவர்கள் போடாவிட்டால் போகட்டும், நீ இதைச் சாப்பிடு, நான் இன்னொன்று வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

அவள் ஒரு கறித்துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். மீசைக்காரர் அவள் கையைத் தட்டிவிட்டார். துண்டு மேஜைத் துணியில் விழுந்து உருண்டு, பின்னால் மஞ்சளாக ஒரு கோடு போட்டது. தட்டையும் பிடுங்கிக்கொண்டார்.

“ஏன், நான் தொட்டா உங்க பீங்கான் கறுத்துடுமா?”

முதலாளி கல்லாவை விட்டு ஓடி வந்தார். ஓடிப் பழகாத உடம்பு, இரைத்தது. விருந்தாளிகளைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பிறகு குனிந்து அவள் காதோரம் ஏதோ முணுமுணுத்தார். சொல்லி முடித்து, பெற்ற மகளைப்போல அவள் முதுகை வேறு தட்டிக்கொடுத்தார்.

அவள் முதுகை நெளித்து அந்தக் கையை உதறினாள். அந்தக் கை பட்ட இடத்தைத் தோலோடு உரித்துப் போடவேண்டும்போல் இருந்தது. எதிர் மேஜையில் ஒரு குழந்தை எலும்பைச் சப்பிக்கொண்டிருந்தது. தபால்காரர் மறுபடியும் தட்டில் கை வைக்கப் போனார்.

அந்தத் தட்டை இழுத்துக் கவிழ்த்தாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி அதன்மேலேயே போட்டாள். நாளைக்கு வேறு வேலை தேடவேண்டும், தம்பிக்கு விஷயத்தைச் சொல்லவேண்டும். அது நாளைக்கு.

“எந்திரிங்க, போகலாம்” என்று இரண்டு பேரையும் கிளப்பிக்கொண்டு முன்வாசலுக்கு நடந்தாள்.

படியில் கால் வைக்கும்போது அந்த அம்மாவுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. “அப்படி என்னம்மா கேவலமாத் திட்டினான் அந்த ஆளு?”

அவள் நின்றாள். கூடத்தைத் திரும்பிப் பார்த்து, மணிக்கூண்டு அடியில் கூட்டத்துக்குக் கதை சொல்லும் அதே குரலில், கடைசி மேஜைவரை கேட்கும்படி சொன்னாள்.

“‘இதைத் தின்னாதேம்மா, உனக்கு உள்ளே நல்லதா ஆக்கி வச்சிருக்கேன்’னாரு.”