யுபிஎஸ்ஸை அணைத்தது யார்?

"நீ இல்லேன்னா வேற யாரு? பேய் வந்து பட்டனை அமுக்குச்சா?"

கம்ப்யூட்டர்காரர் போட்ட சத்தத்தில், காத்திருந்த நாய்கள்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டன.

மிருக ஆஸ்பத்திரியின் ரிசப்ஷன் பெண் டோக்கன்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டர்காரருக்கு 'நகல்' என்று பட்டப்பெயர் வைத்ததே அவள்தான் என்று ஒரு பேச்சு உண்டு. லீவு லெட்டரைக்கூட மூன்று பிரதி எடுக்கிற மனுஷன். ஒன்று ஆபீசில், ஒன்று வீட்டில், ஒன்று மச்சான் வீட்டில்.

"மூணு இடமும் ஒரே நாள்ல தீப்பிடிக்காதுல்ல?" என்பார்.

அப்படிப்பட்டவர் கண்ணுக்குள் வைத்துக் காத்த சர்வர், நாலு நாளாக மதியம் இரண்டு மணிக்கு டப்பென்று நின்றுபோகிறது. கரண்ட் போகவில்லை. கரண்ட் போனால் தாங்குவதற்கென்று வைத்த யுபிஎஸ்ஸே அணைந்துபோகிறது.

இன்று விஷயம் முற்றிவிட்டது. காலுறையை விழுங்கிய நாய் ஒன்று ஆபரேஷன் மேஜையில் மயங்கிக் கிடக்க, திரையில் இருந்த எக்ஸ்ரே காணாமல் போனது. டாக்டரம்மா உள்ளே இருந்து போட்ட கூச்சலில் நகல் விழுந்தடித்து ஓடி சர்வரை எழுப்பினார். எக்ஸ்ரே வந்துவிட்டது. ஆனால் டிஸ்க் ஒன்று போய்விட்டது.

"மொத்தம் ரெண்டு டிஸ்க்கும்மா! ஒண்ணுல எழுதறது இன்னொண்ணுலயும் அப்படியே பதியும். ஒண்ணு செத்தா இன்னொண்ணு காப்பாத்தும். இப்ப ஒண்ணு செத்தாச்சு. மிச்சமிருக்கிறதும் மண்டையைப் போட்டா, நேத்து சாயந்தரம் எடுத்த பேக்கப்தான் கதி. இன்னிக்கு எடுத்த எக்ஸ்ரே எல்லாம் அம்போ!"

"புரியுது சார்."

"சர்வர் ரூமுக்கு ரெண்டே சாவி. ஒண்ணு என் இடுப்புல. இன்னொண்ணு உன் டிராயர்ல. காலைல என் பழைய போனை ஷெல்ஃப்ல ஒளிச்சு வச்சிருந்தேன். வந்து பாரு."

வீடியோவில், யுபிஎஸ் மேல் ஒற்றைக்காது பூனை ஒன்று சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்குக் கண் விழித்தது. முன்னங்காலைப் பட்டன் மேல் வைத்து, நன்றாக அழுத்தி, நிதானமாகச் சோம்பல் முறித்தது. மிஷின் விளக்கெல்லாம் அணைந்தது. அடுத்த நிமிஷம் நகல் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடிவர, பூனை அட்டைப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அவரை வேடிக்கை பார்த்தது.

ரிசப்ஷன் பெண்ணுக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

நகலுக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது. அந்தப் பூனையை அவருக்குத் தெரியும். போன மாதம் யாரோ வாசலில் கூடையோடு விட்டுவிட்டுப் போனது. "குணமானதும் காப்பகத்துக்கு அனுப்பிடுங்க. இது ஆஸ்பத்திரி, சத்திரம் இல்ல" என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார். வருகிறவர்கள் தங்கள் நாய்க்குட்டியைக் கொஞ்சினாலே, "கொஞ்சறதை வெளியே வச்சுக்குங்க" என்பவர் அவர்.

"பூனை தானா சாவி போட்டுத் திறந்துச்சா?"

அவள் ஒரு கணம் ஆபரேஷன் அறைக் கதவைப் பார்த்தாள்.

"நான்தான் சார் உள்ள விட்டேன். மன்னிச்சிடுங்க."

"டாக்டரம்மா அவ்வளவு சொன்னதுக்கு அப்புறமுமா?"

"ஆமா சார்."

அவளே டிராயரிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"டாக்டரம்மா வெளிய வரட்டும். உன் வேலை நிக்குதா பார்க்கறேன்!"

நகல் தன் இடத்துக்குப் போனார். அத்தாட்சி என்றால் அதற்கும் மூன்று பிரதி வேண்டும். எடுத்தார். ஓட்டிப் பார்க்காத நகல் நகலே இல்லை என்பது அவர் கட்சி. வீடியோவை முதலிலிருந்து ஓட்டினார்.

ஒன்று பத்துக்குக் கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டு. டாக்டரம்மா!

கோட்டுக்குள்ளிருந்து பூனையைக் குழந்தை மாதிரி எடுத்து யுபிஎஸ் மேல் விட்டார். முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"குளிருதாடி தங்கம்? ஏசியைக் குறைச்சா அந்த முசுடு கத்தும். இது மேல படுத்துக்கோ, கதகதன்னு இருக்கும். காப்பகத்துக்கு நாளைக்குப் போலாம், என்ன? நேத்தும் இதேதான் சொன்னேன், இல்ல?"

நகல் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். ஓரக்கண்ணால் ரிசப்ஷனைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யாருக்கோ டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து சர்வர் ரூமுக்குள் போனவர் வெளியே வரப் பத்து நிமிஷம் ஆயிற்று.

அப்போதுதான் டாக்டரம்மாவும் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். "நாய் பிழைச்சிடுச்சு. சர்வர் ஏன் நின்னுதுன்னு… ஏதாவது தெரிஞ்சுதா?" குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ரிசப்ஷன் பெண் எழுந்தாள். "டாக்டர், நான்தான்…"

"நீ உக்காரும்மா." நகல் சாவியை அவள் முன்னால் வைத்தார். "பட்டன் லூஸ், டாக்டர். மேல ஒரு மூடி போட்டு ஒட்டிட்டேன். இனிமே நிக்காது."

டாக்டரம்மா விட்ட பெருமூச்சு எல்லோருக்கும் கேட்டது.

"அப்புறம் டாக்டர், யுபிஎஸ்ஸுக்குப் பின்னாடி சூடா காத்து வர்ற இடத்துல என் துண்டைப் போட்டு வச்சிருக்கேன். யாரும் எடுத்துட வேணாம்."

"துண்டா? மிஷினுக்கா?"

"ரூம் ரொம்பக் குளிருது டாக்டர். ஏசியைக் குறைக்கலாம்னா, முசுடு கத்துமே."

டாக்டரம்மாவின் முகம் சிவந்து, வெளுத்து, பழையபடி கறாரானது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நாலா மடிச்சுப் போடுங்க," என்றார்.